நான்காவது புள்ளி

விமானம் பலாலி ஓடுபாதையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. சக்கரங்களைக் கீழே விட்டாயிற்று. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் செம்மண் தோட்டங்கள்.

எல்லாம் கணினித் திரையில்தான். நான் இருந்தது இணுவிலில் ஒரு வாடகை வீட்டின் பின் அறையில். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். யன்னல்கள் எல்லாவற்றையும் இறுக்கச் சாத்தியிருந்தேன்.

கரையைப் பார்க்கத் தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினேன். விமானியின் பார்வையும் திரும்பியது. அதற்காகத்தான் அந்தக் கருவியைச் செய்திருந்தேன். ஆனால் நான் தலையை நிறுத்திய பிறகும் பார்வை நிற்கவில்லை. கடலைத் தாண்டியது. இறக்கையைத் தாண்டியது. ஆசனத்தின் பின்பக்கம் போய், மேலே ஏறி, விமானத்தின் கூரை மூலையில் குத்திட்டு நின்றது.

நான் அசையாமல் இருந்தேன். அதுவும் அசையாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

விமானம் தோட்டங்களுக்குள் விழுந்து நொறுங்கியது. அது பெரிய விஷயமல்ல, நான் எத்தனையோ விமானங்களை விழுத்தியிருக்கிறேன். யாரோ என் தலையைப் பிடித்துப் பின்னால் திருப்பி, அங்கே பார் என்று காட்டியது போல இருந்ததுதான் பிடரியில் குளிர்ந்தது.

மூன்று வெளிச்சங்கள்

இந்தத் தொடரில் நான் வேலை பார்த்த கந்தோர்களைப் பற்றி எழுதினால் வாசகர்கள் சிரித்ததாகச் சொல்கிறார்கள். இந்தக் கிழமை சிரிக்க அதிகம் இல்லை.

நாம் தலையைத் திருப்பினால் விளையாட்டுக்குள்ளும் பார்வை திரும்பும்படி செய்கிற கருவிகள் வெளிநாட்டில் விற்கின்றன. யாழ்ப்பாணக் கடைகளில் கேட்டால் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நான் வீட்டிலேயே செய்யலாம் என்று இறங்கினேன்.

ரிவி றிமோட்டின் நுனியில் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. அது எரிவது நம் கண்ணுக்குத் தெரியாது, அகச்சிவப்பு வெளிச்சம். கைபேசிக் கமராவுக்கு முன்னால் பிடித்து அழுத்தினால் தெரியும். அப்படியான குமிழ்கள் மூன்றை, உடுப்புக் கொழுவும் கம்பியை வளைத்துப் பொருத்தி, ஹெட்போனின் ஒரு பக்கத்தில் கட்டினேன். பிறகு ஒரு பழைய வெப்கமராவைக் கழற்றி, அகச்சிவப்பை மறிப்பதற்காக உள்ளே வைத்திருக்கும் கண்ணாடித் துண்டை ஊசியால் நெம்பி எடுத்தேன். சாதாரண வெளிச்சத்தை மறிக்கக் கறுத்த படச்சுருள் வேண்டும். இந்தக் காலத்தில் அதற்கு எங்கே போவது? என் பெரியக்காவின் கலியாணப் படங்களின் நெகட்டிவ் உறைக்குள், சுருளின் நுனியில், வெளிச்சம் பட்டுக் கறுத்துப்போன ஒரு சாண் கிடந்தது. வெட்டி எடுத்து இரண்டு மடிப்பாக ஒட்டினேன். அக்காவுக்கு இன்னும் தெரியாது.

அதற்குப் பிறகு அந்தக் கமராவுக்கு உலகம் முழுக்க இருட்டு. என் காதுக்குப் பக்கத்தில் எரிகிற மூன்று புள்ளிகள் மட்டும் தெரியும். அவை சரிவதையும் விலகுவதையும் வைத்து மென்பொருள் தலையின் போக்கைக் கணிக்கும்.

செய்வது இரண்டு பின்னேர வேலை. சுருதி சேர்ப்பதற்குத்தான் ஒரு மழைக்காலம் முழுவதும் போனது. தலையை நன்றாகத் திருப்பினால் திரையைப் பார்க்க முடியாது. ஆகவே தலை கொஞ்சம் திரும்ப, பார்வை நிறையத் திரும்ப வேண்டும். கூட வைத்தால் பார்வை வெருண்ட கோழியைப் போலத் துள்ளும். குறைத்தால் குடிவெறிகாரனைப் போலப் பிந்தி வரும். நான் மூச்சு விடுவதும் எச்சில் விழுங்குவதும்கூடத் திரையில் நடுங்கும் கோடாக ஓடும். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்காக இருந்திருக்கிறேன்.

யன்னலைச் சாத்தியதும் அதனால்தான். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. ஒரு கீற்று உள்ளே வந்தாலும் கமரா அதையும் ஒரு புள்ளியென்று எடுத்துக்கொள்ளும். அதுவரை இரவில் மின்விளக்கைப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்; அறையை இருட்டாக்கியது அந்த ஞாயிறுதான் முதல் தடவை.

பின் அறை

வீடு கனடாவில் இருக்கும் ஒருவருடையது. அவருடைய தகப்பனார் கடைசிக் காலத்தில் ஒரு பராமரிப்பாளரின் துணையோடு அங்கே தனியாக இருந்தாராம். கட்டிலில் கிடந்ததும் கண்ணை மூடியதும் அந்தப் பின் அறையில். மகனால் செத்தவீட்டுக்கு வர முடியவில்லை. அறையின் சுவரில் தகப்பனாரின் படம் மாலையோடு தொங்கியது. அந்த அறையையே படுக்கைக்கு எடுத்துக்கொண்டு நாங்கள் குடிவந்தபோது நான் அதைக் கழற்றி வைக்கலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும், பாவம்" என்றாள் சுகந்தி.

சுகந்தி என் மனைவி. வடமராட்சியில் கடலுக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளை. எதற்கும் இலகுவில் கலங்கமாட்டாள். இணுவிலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் பட்டணத்துக் கந்தோரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சேர இருட்டிவிடும்.

அந்த வருஷம் எங்களுக்கு வயிற்றில் வந்த பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்து கொஞ்ச நாளில் அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். நான் குமிழ்களையும் கம்பிகளையும் வைத்துக்கொண்டு இருந்தேன். இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கதைக்கக்கூடாது என்று யாரும் முடிவெடுக்கவும் இல்லை.

அணைத்த பிறகும்

விமானம் விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

முதலில் என் சுருதியில்தான் பிழை என்று நினைத்தேன். கமரா என்ன பார்க்கிறது என்று காட்டும் சின்ன சாளரத்தைத் திரையில் திறந்தேன். கறுப்பு நடுவே என் மூன்று புள்ளிகள். மேல் மூலையில் நான்காவதாக ஒன்று.

ஹெட்போனைக் கழற்றி, குமிழ்களின் வயரைப் பிடுங்கினேன். மூன்றும் அணைந்தன. நான்காவது எரிந்துகொண்டிருந்தது.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். மங்கலான சுவர். படத்தின் கண்ணாடி. வேறொன்றும் இல்லை. யன்னலைத் திறந்தேன், வெளிச்சம் வந்தது, புள்ளி போய்விட்டது. சாத்தினேன். கொஞ்சம் பொறுத்து, யாரோ யோசித்துவிட்டு விளக்கை ஏற்றியது போல, திரும்பவும் வந்தது. அறை இருளும்போது மட்டும் வருகிற ஒன்று.

அப்போது சுகந்தி தேத்தண்ணியோடு உள்ளே வந்தாள். புள்ளி மெல்லப் பெருத்தது.

"சுகந்தி, உதை வைச்சிட்டு ஒருக்கா அலுமாரிப் பக்கம் நடவும்."

"ஏனப்பா?"

"நடவும், சொல்லுறன்."

அவள் அலுமாரியடிக்குப் போனாள். புள்ளி சுருங்கி மங்கியது.

"இனி என்னட்டை வாரும்."

வந்தாள். புள்ளி மறுபடியும் பெருத்து வெளுத்தது. அவள் என் தோளுக்கு மேலால் குனிந்து திரையைப் பார்த்தாள். "உது என்ன?"

"தெரியேல்லை. நீர் நடக்க அது பெருத்துச் சுருங்குது."

அவள் சுவரை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த ஐயாவோ?" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

மேலே எங்கோ 'கிர்ர்' என்று சன்னமாக ஒரு சத்தம் கேட்டது.

"பல்லி" என்றேன்.

"ஓம். உந்தப் பல்லி நான் இந்த அறைக்குள்ளை வரேக்கை எல்லாம் சொல்லும்" என்றாள் சுகந்தி. சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவள் போல நின்றாள்.

வண்டு

எங்களுடைய வயதுக்காரருக்குப் பார்க்கப்படுவது என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. யுத்த காலத்தில் ஆளில்லாத சிறு விமானம் ஒன்று வானத்தில் இரைந்துகொண்டே சுற்றும். சனம் அதை வண்டு என்று சொல்லும். வண்டு வந்தால் விளக்கை நூர்த்து இருட்டில் இருப்போம். வெள்ளை உடுப்பைக் கொடியிலிருந்து எடுப்போம். சுகந்தியின் தாயார் சமைத்த அடுப்பில் தண்ணீர் ஊற்றுவாராம், புகை தெரியக்கூடாதென்று.

ஆனால் வண்டு வெளியே இருந்தது. வீட்டுக்குள்ளே போனால் கூரை இருந்தது. கூரைக்குக் கீழே, நாங்கள் நித்திரை கொள்ளும் இடத்தில் ஒன்று இருக்கலாமென்று அப்போது யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

துவாரக்கல்

படத்துக்கு மேலே, கூரைக்குக் கிட்டவாக, காற்றுப் போவதற்குத் துவாரக்கல் வைத்திருந்தது. பழைய வீடுகளில் எல்லா அறைக்கும் உண்டு. நான் வெப்கமராவைக் கையில் எடுத்து, வயர் எட்டும் தூரம் வரை அதன் பக்கம் நீட்டினேன். சுகந்தி திரையைப் பார்த்தாள்.

"ஒண்டில்லை. கனக்கக் கிடக்கு" என்றாள். "வட்டமா. சின்னச் சின்ன முத்து வட்டமாக் கோத்த மாதிரி."

எனக்கு அந்த வட்டம் என்னவென்று அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. கந்தோர் வாசலில் இருக்கும் காவல் கமராவை என் வெப்கமராவால் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். இருட்டில் பார்ப்பதற்காக அவை தங்களைச் சுற்றி அகச்சிவப்பு விளக்கு எரிக்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியாமல், என் கருவிக்கு மட்டும் தெரியும்படி.

மேசையை இழுத்துப் போட்டு, அதற்கு மேல் ஸ்ரூலை வைத்து ஏறினேன். சுகந்தி ஸ்ரூலின் காலைப் பிடித்தாள். துவாரத்துக்குள் சிலந்தி வலைக்குப் பின்னால், கைக்குள் அடங்கும் தோடம்பழம் அளவில் கறுப்பாக ஒரு உருண்டை. அதன் நடுவில் ஒரு கண். அது அப்போது கீழே நின்ற சுகந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் கையை நீட்டினேன். 'கிர்ர்' என்று சத்தம் வந்தது. உருண்டை மெதுவாகத் திரும்பி என் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

ஆள் அசைந்தால் பின்தொடர்கிற கமரா. என் தலையைப் பின்தொடர நான் ஒரு கருவி செய்துகொண்டிருந்த அறையில், எனக்கு முன்பே ஒன்று எங்கள் இருவருடைய தலைகளையும் பின்தொடர்ந்துகொண்டு இருந்திருக்கிறது. மின்சாரம் வந்திருப்பதைக் காட்டும் சின்ன வெளிச்சத்தின் மேல் கறுப்பு ரேப் ஒட்டியிருந்தது. உள்ளே சிம் போட்டு ஓடுகிற வகை. வயர் கூரைக்குள் ஏறிப் போனது.

நான் அதன் கண்ணை உள்ளங்கையால் பொத்தினேன். உள்ளே இருந்த மோட்டர் என் கைக்குள் துடித்தது.

கீழே, மேசையில் கிடந்த கைபேசி அடித்தது.

விடியாத ஊரிலிருந்து

வெளிநாட்டு இலக்கம். சுகந்தி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, உதைக் கழட்டிப் போடாதேங்கோ. நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

வீட்டுக்காரர். கனடாவில் இன்னும் விடிந்திருக்காது. நான் ஸ்ரூலில் நின்றபடி கேட்டேன்.

"அண்ணை, இப்ப பாத்துக்கொண்டோ இருந்தனீங்கள்?"

"ஓம்."

பிறகு அவசரமாகக் கதைத்தார். தகப்பன் படுக்கையில் விழுந்தபோது ஆள் வைத்துப் பொருத்திய கமரா அது. வெளிச்சம் தெரிந்தால் அவருக்கு நித்திரை குழம்பும் என்று ரேப் ஒட்டச் சொன்னாராம். ஒவ்வொரு நாளும் விடியப்புறம் எழும்பிக் கைபேசியைத் திறந்து, தகப்பன் மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பாராம். தகப்பன் போன பிறகும் கண் முழித்தால் கை தானாக அதைத் திறக்குமாம். வெறுங் கட்டிலைப் பார்த்துக்கொண்டு இருப்பாராம்.

"நீங்கள் வந்தாப்பிறகு நிப்பாட்டியிருக்கவேணும், தம்பி. நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு விட்டிட்டன். சத்தியமா ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. தங்கச்சி இப்ப கொஞ்ச நாளா அழுறேல்லை, என்ன? பாக்க எனக்கும் ஆறுதலாக் கிடந்தது."

நான் சுகந்தியைக் குனிந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கைபேசியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"அண்ணை, நான் சுகந்தி கதைக்கிறன். நான் அழுதது உங்களுக்குக் கேட்டதோ?"

"கேட்டது, தங்கச்சி."

"கதைச்சது?"

"ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுவியள். பிள்ளையோடை கதைக்கிற மாதிரி. உதிலை ஸ்பீக்கரும் கிடக்கு. அழாதேங்கோ எண்டு சொல்ல எனக்கு ரெண்டொருதரம் வாய் வரைக்கும் வந்தது. வெருண்டு போவியள் எண்டு விட்டிட்டன்."

சுகந்தி ஸ்ரூலின் காலை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கைபேசியைப் பிடித்தாள்.

"ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"என்ரை மனிசிக்கு மட்டும். அவவும் பக்கத்திலை இருந்து பாத்து அழுதவ."

சுகந்தி தொடர்பை வெட்டினாள். நான் வயரைப் பிடுங்கினேன். அந்த அறையில் அவள் எந்நேரமும் கேட்ட பல்லி அன்றைக்குப் பிறகு சொல்லவில்லை.

பாக்குவெட்டி

கமராவின் அடியில் நகம் அளவு நினைவு அட்டை ஒன்று இருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தேன்.

"உதிலை என்ன கிடக்கும்?" என்று கேட்டாள்.

"கடைசி ஒரு மாதமளவிலை நடந்தது இருக்கும். பழசை அதுவே அழிச்சு அழிச்சு எழுதும்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் இதைச் சொல்லாமல் விடலாம், ஆனால் எழுதுகிறேன். அதைக் கணினியில் போட்டுப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை வந்தது. என் மனைவி தனியாக இருக்கும்போது யாராக இருந்தாள் என்று பார்க்கும் ஆசை. கனடாவில் இருப்பவருக்குத் தெரிந்தது எனக்கும் தெரியவேண்டும் என்ற ஆசை. அவள் அதைக் கண்டுகொண்டாள்.

"தாங்கோ" என்றாள்.

கொடுத்தேன். வெற்றிலைத் தட்டத்திலிருந்த பாக்குவெட்டியை எடுத்து, அட்டையைக் கொட்டைப்பாக்கு மாதிரி இரண்டாக வெட்டி, இரண்டையும் நாலாக வெட்டி, அடுப்புச் சாம்பலுக்குள் கொட்டினாள்.

பொலிசுக்குப் போவோமா என்று கேட்டேன்.

"போனால் இன்னும் பத்துப் பேர் பாப்பினம். ரெண்டு பேர் பாத்தது போதும்."

அன்றிரவு நாங்கள் விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தோம். அடுத்த கிழமையே அவளுடைய சித்தியின் வீட்டுக்குப் பக்கத்தில், உடுப்பிட்டியில் ஒரு வீடு பார்த்தோம். எனக்குக் கந்தோர் தூரம்.

வீட்டுக்காரர் பல தரம் அழைத்தார். ஒரு தரம்தான் எடுத்தேன். மன்னிப்புக் கேட்டார், அழுதார். கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "நீங்கள் போகேக்கை அதைத் திருப்பிக் கொழுவிவிடுவியளோ, தம்பி? வீடு வெறுமனத்தானே கிடக்கும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பக்கத்தில் நின்ற சுகந்திக்கும் அது கேட்டது.

சாமான்களை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி முடிந்த பிறகு, அவளைக் காணாமல் உள்ளே தேடிப் போனேன். பின் அறையில் மேசை இல்லை, கட்டில் இல்லை. வீட்டோடு சேர்ந்த உயரமான ஸ்ரூல் ஒன்றில் ஏறி நின்று, தன் கையால் வயரைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"என்ன வேலை செய்யிறீர்?"

"தகப்பன்ரை படத்துக்கு மேலை ஒரு கண் கிடந்தால் எங்களுக்கென்ன? வெறுஞ் சுவரைப் பாத்துக்கொண்டிருக்கட்டும்" என்றாள்.

இறங்கிச் சேலையைத் தட்டிவிட்டு வாசலுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். துவாரத்துக்குள் 'கிர்ர்' என்றது. நாங்கள் அறையைக் கடந்து, நடையைக் கடந்து போகும் வரை அது திரும்பிக்கொண்டே வந்திருக்க வேண்டும். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

உடுப்பிட்டி

புது வீட்டில் சாமான்களை இறக்கிய அன்று சுகந்தி அடுப்பு மூட்டவில்லை. "முதல் உந்தக் கமராவைக் கொண்டு வாங்கோ" என்றாள்.

மடிக்கணினியை ஒரு கையிலும் வெப்கமராவை மறு கையிலும் வைத்துக்கொண்டு அறை அறையாகப் போனோம். அவள் யன்னல்களைச் சாத்துவாள். நான் மூலை மூலையாக, கூரை மரம் மரமாகக் கமராவைப் பிடிப்பேன். கறுப்பு. அடுத்த அறை. கறுப்பு.

கடைசி அறையில், கதவையும் சாத்திய பிறகு, ஓட்டு இடுக்கால்கூட வெளிச்சம் வரவில்லை.

"ஒண்டுமில்லையோ?"

"ஒண்டுமில்லை."

"வடிவாப் பாருங்கோ."

பார்த்தேன். சுற்றிச் சுற்றி இரண்டு தரம் பார்த்தேன். ஒரு புள்ளியும் இல்லை.

"அந்தக் கொம்பியூட்டரையும் மூடுங்கோ" என்றாள்.

மூடினேன். திரை வெளிச்சமும் போய், அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரியாமல் போனது. சேலை சரசரத்தது. சுவரோரம் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள் என்று விளங்கியது. நான் தடவிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

வெளியே சித்தி யாருடனோ கதைக்கும் சத்தம் வந்தது. பிறகு சுகந்தி, ஆஸ்பத்திரியிலேயே தான் பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்ததாகச் சொன்னாள். அந்தப் பெயரையும் சொன்னாள். சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். ஒரு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும், அவள் அழும் சத்தத்தை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதை எனக்கு முன்பே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.